கண்ணாடிக்காரி

"நீ தப்பே பண்ண மாட்டியாடி?" என்று அண்ணி ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பேசியதால் பாதிக் கேள்வி பல்லுக்குள்ளேயே நின்றுவிட்டது. கிண்டலாகத்தான் கேட்டாள். நான் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சிரித்து வைத்தேன். இப்போது யோசித்தால், அதற்கு ஒரு நேரான பதில் இருக்கிறது. பண்ணியிருக்கிறேன், ஒரே ஒரு தப்பு. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். மற்றவற்றையும் சொல்வேன், ஆனால் அவற்றைத் தப்பு என்று நான் நினைக்கவில்லை. படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வீடு பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மூன்றாவது மாடியில். முன்னறை, படுக்கையறை, சமையலறை, அதை ஒட்டி ஒரு பால்கனி. டிப்போவில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்தால் எங்கள் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அப்பா ஒரு எடைமேடையில் வேலை பார்க்கிறார். லாரிகளைச் சரக்கோடு ஒருமுறை, சரக்கில்லாமல் ஒருமுறை நிறுத்தி எடை பார்த்துச் சொல்லும் வேலை. வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டார். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்ச்சேர்ந்துவிட்டாள். அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. எப்போதாவது வருவான், வந்த களைப்புத் தீருவதற்குள் போய்விடுவான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு விருந்தாளி வந்தார். ஆங்கிலத்தில் வரவேற்றுப் பேச என்னை மேடையேற்றினார்கள். ஒரு வாக்கியத்தில் தப்பு விட்டேன். யாரும் திட்டவில்லை. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்ததால் விருந்தாளி சிரித்தார். விருந்தாளி சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் போய்விட்டது, நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா வந்து கட்டில் ஓரத்தில் நின்று பார்த்தார். என் மனசில் இருந்த சரக்கு எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாக்கியம் என்ன என்று எழுத மாட்டேன். இப்போது எனக்கு அதைச் சரியாகச் சொல்லத் தெரியும். அது போதும்.

தெரிந்துகொண்டது வீட்டுப் பரணிலிருந்துதான். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன தடித்த ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்று அங்கே கிடந்தது. முன்பக்கங்களைப் பூச்சி தின்றிருந்தது. அதனால் என் இலக்கணம் நடுவிலிருந்துதான் தொடங்கியது. வீட்டு வேலை முடிந்த பொழுதெல்லாம் அதைப் படித்தேன். விதியை மனப்பாடம் செய்வேன், பயிற்சியைச் சுவரைப் பார்த்துச் சொல்வேன். சுவர் சிரிக்காது. பிறகு அண்ணன் தன் பழைய போனை எனக்குக் கொடுத்தான். அதில்தான் உலகத்தைப் பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்றால், உலகமே தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ, தங்கள் மொழியை வீட்டில் விட்டுவிட்டு வந்து, தெரிந்த ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார்கள், சண்டை போட்டார்கள், காதலித்தார்கள். வரிக்கு வரி தப்பு. யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் புரியாதது அதுதான். என்னைப் பார்த்து மட்டும் ஏன் சிரித்தார்கள்?

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் தப்பாக எழுதுவார்கள். அவர்களை நான் தொடவில்லை. அவர்கள் வீட்டுப் பாத்திரம், அவர்கள் உடைக்கலாம். இரவல் பாத்திரத்தைத்தான் பார்த்துப் புழங்க வேண்டும்.

ஒரு கண்ணாடிக் கடை விளம்பரத்தில் நரைத்த தலையும் தடித்த மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பெண்மணி இருந்தாள். அவள் படத்தை எடுத்துப் போட்டு, ஓய்வு பெற்ற ஆசிரியை என்று எழுதிக்கொண்டேன். யாரையும் நான் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. முதலில் வணக்கம். பிறகு, உங்கள் பதிவில் உள்ள பிழைகள் இவை. ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, எழுதுவதற்கு முன் கற்றுக்கொள்வது நல்லது, அன்புடன் என்று முடிப்பேன். பலர் நன்றி சொன்னார்கள். நாள் முழுக்க என்னிடம் யாரும் பேசாத வீட்டில் உட்கார்ந்திருப்பேன், எங்கிருந்தோ ஒருவர் "நன்றி மேடம்" என்று எழுதுவார். எனக்கு வந்த கடிதங்கள் என்றால் அவைதான். சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். அதை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு படிப்பேன்.

ஒருவர் தன் குழந்தையின் கையில் வெந்நீர் கொட்டிவிட்டது, என்ன தடவலாம் என்று கேட்டிருந்தார். பதற்றத்தில் காலங்களையெல்லாம் குழப்பியிருந்தார். எடுத்துச் சொன்னேன். "நன்றி மேடம், குழந்தைக்கு என்ன செய்வது?" என்று திரும்பக் கேட்டார். எனக்கு மருத்துவம் தெரியாது. தெரியாததைப் பற்றிப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை.

இன்னொருத்தி, கணவன் தன்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான், யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தாள். அவள் எழுதியிருந்த விதத்தில், பூட்டியது யார், பூட்டப்பட்டது யார் என்றே தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். என் பதிலுக்குக் கீழே ஆளாளுக்குச் சிரிப்பு முகங்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். யார் யாரைப் பூட்டினார் என்று அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். சாயங்காலம் பார்த்தபோது அவள் பதிவும் இல்லை, அவள் கணக்கும் இல்லை. நன்றாக எழுதக் கற்றுக்கொண்டு திரும்பி வருவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அண்ணனுக்குக் கல்யாணமாயிற்று. விடுமுறை முடிந்ததும் அவன் கப்பலேறிவிட்டான். அண்ணி எங்களோடு தங்கினாள்.

அண்ணி அதற்கு முன்பு ஒரு ஆஸ்பத்திரியின் தையல் அறையில் வேலை பார்த்தவள். கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பது, நர்சுகளின் கோட்டுக்குப் பட்டன் வைப்பது. பக்கவாதம் வந்தவர்களுக்கும் தோள் உடைந்தவர்களுக்கும் கையைத் தூக்கிச் சட்டை மாட்டும்போது அவர்கள் அலறுவதை அங்கே தினமும் கேட்டிருக்கிறாள். கேட்டுக் கேட்டு அவளே ஒரு சட்டை கண்டுபிடித்தாள். கழுத்திலிருந்து கை நுனிவரை புத்தகம் போலத் திறக்கும். ஆளைப் படுக்கவைத்தபடியே போர்த்தி, வரிசையாக பிரஸ் பட்டனை அழுத்தினால் போதும். எங்கள் பால்கனியில் மெஷினைப் போட்டு அதைத் தைக்கத் தொடங்கினாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தைத்ததை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

வந்த சில நாட்களிலேயே எனக்கு ஊமைக் குசும்பி என்று பெயர் வைத்துவிட்டாள். நான் பேசாவிட்டால் என் பதிலையும் அவளே பேசுவாள். "என்ன குசும்பி, இன்னைக்கு மௌன விரதமா? ஆமா அண்ணி. ஏன்டி? உங்க தொல்ல தாங்கல அண்ணி." இப்படி இரண்டு குரலிலும் அவளே பேசி முடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிறகு பேசாமல் இருக்க முடியாது. அப்பாவைப் பற்றி, "மாமா பேச்சையும் வேஸ்ட் பண்ணாம எடபோட்டுத்தான் எடுப்பாரு" என்பாள். அதைக் கேட்டு அப்பாவே ஒருநாள் சிரித்தார்.

தையலில் எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். துணியை வெட்டியதும் நேராகத் தைத்துவிட மாட்டார்கள். முதலில் பெரிய பெரிய தையலாக, இழுத்தால் வந்துவிடும்படி ஓட்டுத் தையல் போடுவார்கள். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கெட்டித் தையல் போட்ட பிறகு அந்த ஓட்டுத் தையலை உருவிவிட வேண்டும். தைத்த சட்டையில் அது இருந்த தடமே இருக்காது. உருவுவது என் வேலை. பால்கனி வாசற்படியில் உட்கார்ந்து ஊசிமுனையால் நூலை நெம்பி நெம்பி எடுப்பேன். அவள் மெஷினை மிதித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். அப்போதெல்லாம் நான் போனைத் தொடுவதே இல்லை. கண்ணாடிக்காரப் பெண்மணி வாரக்கணக்கில் ஓய்வெடுத்தாள். இது முக்கியம். இதைக் கவனியுங்கள்.

நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் துணி தைப்பவர்கள் பல நாடுகளிலிருந்து சேர்ந்து நடத்தும் ஒரு குழு இணையத்தில் இருந்தது. அண்ணி அதில் சேர்ந்தாள். தன் சட்டையின் படத்தைப் போட்டாள். அங்கே வேறொரு நாட்டில் தையல் பட்டறை நடத்தும் பெண்மணி ஒருத்தி இருந்தாள். ஆஸ்பத்திரிகளுக்கு மட்டுமே தைக்கும் பட்டறை. அவள் அண்ணிக்கு எழுதினாள்: இந்தச் சட்டையை எப்படித் தைப்பது என்று மூன்று பாடமாகக் குழுவில் எழுதுங்கள். சொல்லித்தர உங்களால் முடியும் என்று தெரிந்தால் எங்கள் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க உங்களை அழைத்துக்கொள்கிறேன். தங்க அறையும் உண்டு.

அண்ணி அந்தச் செய்தியை எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு எனக்குத் தெரியாமல், தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பலமுறை தனியாக வாசித்தாள்.

"உங்க அண்ணன் கடல்ல மெதக்கறான், நான் பால்கனில தொங்கறேன்," என்றாள். "ரெண்டு பேருக்கும் தரைன்னு ஒண்ணு வேணாமாடி? அங்க போனா அது என் சொந்தத் தரை. அவனே வந்தாலும் என் வீட்டுக்குத்தான் வரணும்."

"போயிடுவீங்களா அண்ணி?"

"பின்ன? காலம் பூரா உனக்கு நூல் புடுங்கற வேல குடுத்துக்கிட்டே இருப்பேனா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அவளுக்கு ஆங்கிலம் தையல் அறை அளவுக்குத்தான். சட்டை வெட்டுவதற்காக வைத்திருக்கும் பழுப்புக் காகிதத்தில், துணியில் கோடு போடும் பென்சிலால், தெரிந்ததை எழுதுவாள். "இது ஓட்டுத் தையல், நீ கெட்டித் தையல் போடு" என்று என்னிடம் நீட்டுவாள். நான் திருத்துவேன், அவள் போனில் அதை நானே அடித்துத் தருவேன், அவள் குழுவில் போடுவாள். பிறகு அதே காகிதத்தை அடுத்த சட்டைக்கு மாதிரியாக வெட்டி, சுவர் ஆணியில் மாட்டிவிடுவாள். காகிதத்தை அவள் வீணாக்குவதில்லை.

முதல் பாடத்தை நான் திருத்தினேன். எல்லாவற்றையும் திருத்தவில்லை. எல்லாவற்றையும் நானே திருத்திவிட்டால் அவள் எப்போது கற்றுக்கொள்வது? சிலவற்றை அப்படியே விட்டேன். சரியாக இருந்த ஓரிடத்தைக் கொஞ்சம் கலைத்தும் வைத்தேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், பால்கனியில் அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து, என் போனை எடுத்து, ஓய்வு பெற்ற ஆசிரியையாக அவற்றையெல்லாம் கண்டுபிடித்தேன். முதலில் வணக்கம். கடைசியில் அன்புடன்.

சாயங்காலம் அண்ணி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைப் பார்த்தாள். என் பதிலுக்குக் கீழே பலர் சேர்ந்திருந்தார்கள். எழுதவே தெரியாதவள் எப்படிச் சொல்லித்தருவாள் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"யாருடி இந்தக் கண்ணாடிக்காரி?" என்றாள். "மூக்கு மேல கண்ணாடி, கண்ணாடிக்கு மேல ஒரு மொறப்பு. இவ வீட்டு மருமக பாவம்டி. 'காபி ஆறிப்போச்சு அத்த'ன்னு சொன்னாக்கூட, 'ஆறிவிட்டதுன்னு சொல்லு'ன்னு துரத்துவா."

"விடுங்க அண்ணி. வயசானவங்க."

கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமல், "நீ பாத்துத்தானே குடுத்த?" என்று கேட்டாள்.

"நான் ஒம்பதாவதுதானே அண்ணி படிச்சிருக்கேன்."

அவள் உடனே எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கேட்டிருக்கக் கூடாது, புத்தி கெட்டுப்போச்சு என்றாள். அவள் புடவையில் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது. அந்த வாரம் முழுவதும் என்னை ஒரு வேலை செய்ய விடவில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே இருந்தாள். ஒன்று இழந்தால் ஒன்று கிடைக்கும் என்பார்கள். எனக்கு எதையும் இழக்காமலே கிடைத்தது.

இரண்டாம் பாடம் பட்டன் வைப்பது பற்றியது. பிரஸ் பட்டனின் பின்பக்கம் உலோகம். அதற்கு உள்ளே ஒரு துணிப்பட்டை வைத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் அது தோலில் உரசும் என்று அண்ணி எழுதியிருந்தாள். படுத்தே இருப்பவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, சீக்கிரம் புண்ணாகிவிடும் என்றும் எழுதியிருந்தாள். அது நல்ல வாக்கியம். நான் போனில் அடிக்கும்போது அந்தப் பகுதியை விட்டுவிட்டேன். பாடம் நீளமாக இருப்பதாக எனக்குப் பட்டது.

சில நாட்கள் கழித்து ஒரு பெண் குழுவில் படம் போட்டிருந்தாள். பாடத்தில் உள்ளபடியே தன் அப்பாவுக்குத் தைத்துப் போட்டாளாம். பெரியவரின் தோளில் வரிசையாக, பட்டன் பட்டனாக, புண்கள். நான் அந்தப் படத்தை ஒருமுறைதான் பார்த்தேன். அந்தப் பெண் எழுதியிருந்ததில் பிழைகள் இருந்தன. ஆனால் அன்று திருத்தவில்லை. எனக்கும் மனசு இருக்கிறது.

அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பட்ட வைக்கணும்னு எழுதினேனேடி. நான் எழுதினேன்ல?"

"எனக்கு ஞாபகமில்ல அண்ணி. காகிதத்துல என்ன இருந்துச்சோ அதத்தான் அடிச்சேன்."

காகிதம் அதற்குள் ஒரு சட்டையின் முதுகாக வெட்டப்பட்டுவிட்டது. அவள் அதை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மீதி குப்பையில் போயிருந்தது. தான்தான் எழுத மறந்துவிட்டோம் என்று முடிவுக்கு வந்தாள். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பெரியவருக்கு என்ன மருந்து போட வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்சிடம் கேட்டு அதையும் எழுதினாள். பிறகு மெஷினை மூடிப் போர்வை போட்டாள். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்? அளவுக்கு மீறி ஆசப்பட்டேன்" என்றாள்.

மெஷின் மூடியே கிடந்த அந்த நாட்கள்தான் எங்கள் வீட்டில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்கள். அண்ணி அதிகம் பேசவில்லை. பரவாயில்லை, அவளுக்கும் சேர்த்து நான் பேசினேன். "என்ன அண்ணி, மௌன விரதமா? ஆமாடி குசும்பி" என்று இரண்டு குரலில் பேசிக் காட்டினேன். ஒருநாள் சிரித்தும்விட்டாள்.

பட்டறைப் பெண்மணி மறுபடி எழுதாமல் இருந்திருந்தால் எல்லாம் அப்படியே போயிருக்கும். அவள் எழுதினாள்: தவறு யாருக்கும் வரும். நீங்கள் அதற்குப் பிறகு நடந்துகொண்டதை நான் பார்த்தேன். மூன்றாம் பாடத்தை எழுதுங்கள், அதைப் பார்த்து முடிவு சொல்கிறேன்.

அண்ணி போர்வையை எடுத்தாள்.

மூன்றாம் பாடத்தை மெதுவாக, தரையில் குப்புறப் படுத்து எழுதினாள். எழுதி முடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். கடைசியில் பாடத்தோடு சேராத ஒரு வரி இருந்தது. அவளுடைய ஆங்கிலத்தில் அது எப்படி இருந்தது என்பது இப்போது எதற்கு? அதன் பொருள் இதுதான்: இதையெல்லாம் எழுத எனக்கு உதவுகிறவள் என் நாத்தனார். அவள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. நான் வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வரலாமா, அவளுக்கும் ஒரு வேலை இருக்குமா?

நான் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"இது வேண்டாம் அண்ணி."

"ஏன்டி? வாயத் தொறந்து கேட்டா முத்தா கொட்டிப்போவும்? கேட்டுப் பாக்கறேனே. நீ இல்லாம அங்க போயி நான் யாருகிட்ட பேசறது, ஊசிகிட்டயா?"

"பாடத்துல சொந்தக் கதை எழுதக் கூடாது அண்ணி. கண்ணாடிக்காரி சிரிப்பா."

அவள் யோசித்தாள். "சரி, தனியா கேட்டுக்கறேன்" என்று பென்சிலால் அந்த வரியை அடித்தாள். இந்த முறை என்னை அடித்துத் தரச் சொல்லவில்லை. ஒரு வரி விட்டுப்போனாலும் ஒரு உசுருக்கு ஆகிப்போவுது, நானே பாத்துப் பாத்து அடிக்கறேன் என்றாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து, குழுவில் போட்டுவிட்டு, காகிதத்தில் ஒரு சட்டைக் கையை வெட்டி ஆணியில் மாட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்ன பிறகும் ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் அந்தப் பட்டறையைக் கற்பனை செய்து பார்த்தேன். நீளமான கூடம், வரிசையாக மெஷின்கள், பல நாட்டுப் பெண்கள். அண்ணி என்னை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, இவள்தான் என் நாத்தனார் என்பாள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அங்கே யாராவது ஒருத்தி கண்ணாடியைக் கழற்றுவாள்.

இங்கே பால்கனி இருக்கிறது, வாசற்படி இருக்கிறது, உருவ நூல் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் போதாதா?

முக்காலியில் உட்கார்ந்தேன். அண்ணியின் பாடத்தைத் திறந்து படிக்கவில்லை. அவசியமே இல்லை, காகிதத்தில் இருந்தது எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். குழுவில் வழக்கம்போல எழுதினேன். முதலில் வணக்கம். எதை முதல் பிழையாகச் சொல்லலாம் என்று யோசிக்கக்கூட இல்லை. கை தானாக எழுதியது: நாத்தனாரைப் பற்றிய வாக்கியம் பாடத்துக்குத் தேவையற்றது, மொழியும் சரியில்லை, படிக்கும்போது பிச்சை கேட்பது போல் இருக்கிறது. அதன் பிறகு மற்றவை. அன்புடன்.

அண்ணி திரும்பி வந்தபோது நான் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு சட்டையின் ஓட்டுத் தையலை உருவிக்கொண்டிருந்தேன். அவள் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தாள்.

"வந்துட்டாடி உன் கண்ணாடிக்காரி. மொத ஆளா வந்து நிக்கறா பாரு, பந்திக்கு முந்தற மாதிரி."

நான் சிரித்தேன். அவள் என்னுடைய பதிலை இன்னும் படிக்கவில்லை, அதற்குக் கீழே ஒரு தையல்காரர் எழுதியிருந்ததைத்தான் முதலில் வாசித்தாள். அவர் எந்த நாட்டுக்காரரோ, அண்ணியைவிட மோசமாக எழுதுகிறவர். "மேடம், நான் மூன்று தடவை படித்துவிட்டேன், நீங்கள் சொல்லும் நாத்தனார் வரியைப் பாடத்தில் காணவில்லையே, எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தார்.

"அய்யோ, கண்ணாடிக்காரிக்கு இனிமே கண்ணாடி பத்தாது, பூதக்கண்ணாடிதான் வாங்கணும்," என்று அண்ணி தொடையில் தட்டிச் சிரித்தாள். "இல்லாத வரியில தப்புக் கண்டுபிடிக்கறா. நாத்தனாராம். எந்த நாத்..."

சிரிப்பு அங்கேயே நின்றது.

கீழே ஒரு பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்தார்கள். ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கியது. அண்ணி என்னுடைய பதிலை முதலிலிருந்து படித்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. படித்துவிட்டு ஆணியில் தொங்கிய காகிதக் கையைப் பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள். நான் நிறுத்தாமல் நூலை உருவிக்கொண்டிருந்தேன். ஓட்டுத் தையல் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. கெட்டித் தையலைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது கை பாதி பிரிந்து தொங்கிய பிறகுதான் தெரிந்தது.

"அந்த வரி ஓட்டுத் தையல்டி," என்றாள் அண்ணி. மிகவும் மெதுவாகச் சொன்னாள். "நாம பிரிச்சுட்டமே."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லத் தயாராக இருந்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பட்டன் புண்ணைப் பற்றிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன், பாடம் நீளமாக இருந்தது என்று.

பட்டறைப் பெண்மணியின் முடிவும் அன்றைக்கே வந்துவிட்டது. எல்லோரும் பார்க்கும்படி குழுவிலேயே எழுதியிருந்தாள்: உடனே வாருங்கள். எழுத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் உங்கள் கைகளைக் கொண்டுவாருங்கள். அந்தப் பெண்மணிக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை போலிருக்கிறது. அந்தச் சின்ன வாக்கியத்தில்கூட ஒரு பிழை இருந்தது. நான் பார்த்தேன். சொல்லவில்லை.

என் வாக்குமூலம் இவ்வளவுதான். வெந்நீர் கொட்டிய குழந்தையின் அப்பாவுக்கும், பூட்டிய வீட்டுக்குள் இருந்தவளுக்கும், இன்னும் பெயர் மறந்துபோன எத்தனையோ பேருக்கும் பதில் எழுதியது நான்தான். தோள் புண்ணான பெரியவரின் சட்டையில் பட்டை இல்லாமல் போனதும் என்னால்தான். அண்ணியின் பாடங்களில் பிழைகளை விட்டு வைத்ததும் நான், அவற்றைக் கண்டுபிடித்ததும் நான். அவள் எங்கேயும் போய்விடக் கூடாது என்பதற்காக. இதில் தப்பு என்றால், பாடத்தைத் திறந்து ஒருமுறை சரிபார்க்காமல் விட்டேனே, அதுதான். மற்றவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், எழுதுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று.

மறுநாள் அப்பா வேலைக்குப் போன பிறகு அண்ணி கிளம்பினாள். விசா வரும்வரை தன் அம்மா வீட்டில் இருக்கப்போவதாக அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஒரு பெட்டி, கத்தரிக்கோல், அளவு நாடா. மெஷினை எடுத்துக்கொள்ளவில்லை. அதன்மேல் முந்தின நாள் நான் பிரித்த சட்டை இருந்தது. கையை மறுபடி தைத்து, பட்டன்களுக்கு உள்ளே பட்டை வைத்து, மடித்து வைத்திருந்தாள். எப்போது தைத்தாள் என்று தெரியவில்லை. மெஷின் சத்தம் கேட்கவில்லை. கையாலேயே தைத்திருக்க வேண்டும்.

நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். நிமிர்ந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம், சாபம் விட்டிருக்கலாம், குசும்பி என்று ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். எப்படிச் சொல்லியிருந்தாலும் நான் திருத்தியிருக்க மாட்டேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், அவள் படியிறங்கிப் போனாள்.